12 வருட டாரஸ்: இன்ஜின் வேலை பார்ப்பதா, புது வண்டிக்கு மாறுவதா?

கேள்வி: சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைக்கிறேன். 2014-ல் பதிவான 2518 டாரஸ், பத்து சக்கர லாரி. கடன் எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். அரியலூரில் சிமென்ட் ஏற்றிப் பாலக்காட்டில் இறக்குகிறோம். மாதம் எட்டு டிரிப். வருகிறபோது பெரும்பாலும் காலி. முன்பு லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் கொடுத்த மைலேஜ் இப்போது 3.7-க்கு வந்துவிட்டது, ஆயிலும் குறைகிறது. இன்ஜினை இறக்கி வேலை பார்த்து, டீசல் பம்ப்பும் சர்வீஸ் செய்ய 1.8 லட்சம் கேட்கிறார்கள். போன வருடம் டயர் போக ரிப்பேருக்கே 3 லட்சம் செலவு. ஷோரூமில் பழையதை 6 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு 28 டன் புது வண்டி தருவதாகச் சொல்கிறார்கள். பாடி கட்டி ரோட்டுக்கு வர 40 லட்சம். நான் 2 லட்சம் போட்டால் போதும், மீதி 32 லட்சம் கடன். மச்சான் போன மாதம் புது வண்டி எடுத்துவிட்டார். டிரைவரும் ஏசி வண்டி கிடைத்தால் போய்விடுவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வணக்கம். பழைய வண்டிகளுக்கு மதிப்புப் போடுவதும், வாங்க விற்க வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்வதும்தான் என் தொழில். உங்கள் கடிதத்தில் தேவையான எண் எல்லாம் இருக்கிறது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நன்றாக இருந்தால் இன்ஜின் வேலையைப் பாருங்கள், வண்டியை 2028 வரை ஓட்டுங்கள், இன்று கட்டவேண்டாத தவணையில் ஒரு பங்கை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். சேஸில் விரிசல் இருந்தால் 1.8 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் விற்றுவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

அரியலூர் – பாலக்காடு போய்வர 670 கிலோமீட்டர் என்று வைத்தால், எட்டு டிரிப்புக்கு ஏறக்குறைய 5,400 கிலோமீட்டர். 3.7 மைலேஜில் 1,460 லிட்டர் டீசல் போகிறது. புது வண்டிக்கு ஷோரூமில் 5.5 சொல்லியிருப்பார்கள். கணக்குப் போடும்போது 4.7-க்கு மேல் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் 1,150 லிட்டர். மிச்சம் 310 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 28,500. ஆனால் பிஎஸ்-6 என்ற புதிய புகை விதிப்படி வரும் வண்டிக்கு, டீசலோடு புகையைச் சுத்தம் செய்யும் யூரியாத் தண்ணீரும் ஊற்றவேண்டும். டீசலில் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் மாதம் 57 லிட்டர், சுமார் 3,500 ரூபாய். ஆக எரிபொருளில் 25,000 மிச்சமாகிறது.

அடுத்து எடை. வண்டியின் பெயரிலேயே இது இருக்கிறது. 2518 என்றால் மொத்த எடை 25 டன், இப்போது வரும் 28-ல் தொடங்கும் மாடல்கள் 28 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பைக் கூட்டியதால் வந்த வித்தியாசம் இது. புது வண்டியின் சொந்த எடை கொஞ்சம் கூடுதல் என்பதால் லோடில் இரண்டரை டன் கூட வரும் என்று வையுங்கள். டன்னுக்கு 900 ரூபாய் வாடகை என்றால் எட்டு டிரிப்புக்கு 18,000. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்த இரண்டரை டன்னையும் புக்கிங் ஆபீஸ் ஒவ்வொரு முறையும் கொடுக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இந்த 18,000-ஐ வரவில் எழுதக்கூடாது. 25 டன் வண்டிக்கான இன்டென்ட்டுக்கு (லோடு ஆர்டருக்கு) 28 டன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தக் கூடுதல் எடையால் பைசாப் பயன் இல்லை.

மூன்றாவது ரிப்பேர். இப்போது மாதம் 25,000 ஆகிறது. புது வண்டிக்கு சர்வீஸ் எல்லாம் சேர்த்து 8,000 என்று வைத்தால் 17,000 மிச்சம்.

மூன்றையும் கூட்டினால் மாதம் 60,000. 32 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை 68,000. புது வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டே ஆகவேண்டும். அதில் மாதம் 4,000 கூடும் என்றால் 72,000. எட்டு டிரிப்பில் மாதம் 12,000 கைக்காசு போடவேண்டியிருக்கும். பத்துப் பதினோரு டிரிப் ஓடினால் சரிக்குச் சரி வரும்.

ஷோரூமில் இதே கணக்கைப் போட்டு, "இன்னும் ரெண்டு டிரிப் சேர்த்து ஓட்டினால் முடிஞ்சது" என்பார்கள். ஆனால் இங்கே ஒரு தப்பு இருக்கிறது. என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். புது வண்டியை, இன்றைக்கு நோயோடு நிற்கிற பழைய வண்டியோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது வேலை பார்த்து முடித்த பழைய வண்டியோடு. லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, பம்ப்பையும் நாசிலையும் சரிசெய்த பிறகு உங்கள் வண்டி பழைய 4.2-க்கு வராவிட்டாலும் 4.1-க்கு வரும். அப்போது மாத டீசல் 1,460 லிட்டரிலிருந்து 1,320-க்குக் குறையும். அதிலேயே மாதம் 13,000 ரூபாய் மிச்சம். போட்ட 1.8 லட்சம் பதினான்கு மாதத்தில் திரும்பிவிடும்.

இப்போது புது வண்டியின் கணக்கை மறுபடி போடுங்கள். எரிபொருள் மிச்சம் 25,000 இல்லை, 12,000. ரிப்பேர் மிச்சமும் 17,000-லிருந்து 12,000-க்கு இறங்கும். எடைக்கு 18,000 அப்படியே. கூட்டினால் 42,000. இன்ஜின் வேலைக்கான காசு மிச்சமாகிறதே என்று மாதம் 5,000 சேர்த்தாலும் 47,000. எதிரே 72,000 நிற்கிறது. மாதம் 25,000 துண்டு விழுகிறது. இதைச் சரிக்கட்ட எட்டு டிரிப் பதினைந்தாக வேண்டும். சிமென்ட் ஆலை வாசலில் லோடுக்குக் காத்துக்கிடக்கிற நேரம் உங்களுக்குத் தெரியும். ஒரே வண்டியில் பதினைந்து டிரிப் நடக்கிற காரியமா?

ஐந்து வருடம் கழித்துப் புது வண்டி ஒரு சொத்தாகக் கையில் நிற்கும், பழையது இரும்பு விலைக்குத்தான் போகும் என்று உங்கள் மச்சான் சொல்வார். அது நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. நான்கைந்து வண்டி வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் போகலாம். ஒரு வண்டி நின்றால் மற்றவை அதன் தவணையைச் சுமக்கும். உங்களுக்கு ஒரே வண்டி. ஜூனில் மழை இறங்கியதும் கேரளத்தில் கட்டட வேலை மந்தமாகும், சிமென்ட் லோடு குறையும். அந்த இரண்டு மூன்று மாதம் கடன் இல்லாத வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவைத்தால் நஷ்டம் கொஞ்சம்தான். 68,000 தவணை உள்ள வண்டியை நிறுத்தினால் மூன்றாவது மாதம் ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கு வருவார். ஐந்து வருடம் கழித்து வரும் சொத்து, ஆகஸ்ட் மாதத் தவணையைக் கட்டாது.

டிப்ரிசியேஷன் (தேய்மானம்) காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்றும் ஆசை காட்டுவார்கள். பத்து வண்டி வரை வைத்திருப்பவர்கள், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டி வரிக்கணக்கை முடித்துக்கொள்ளலாம். உங்கள் 25 டன் வண்டிக்கு அது வருடத்துக்கு 3 லட்சம். அந்த முறையில் தேய்மானமும் வட்டியும் தனியாகக் கழிக்க வழியில்லை. வேறு வருமானம் இல்லாத உங்களுக்கு வரிக்காக வண்டி வாங்கவேண்டிய அவசியமே இல்லை.

சரி, முதல் வேலை சேஸைப் பார்ப்பது. இன்ஜினுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யவேண்டும். வண்டியைக் காலியாக வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, சேஸ் முழுவதும் கிரீஸும் மண்ணும் போகிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். பின்பக்கப் பட்டைக் கட்டுகளை (ஸ்பிரிங்) தாங்கும் பிராக்கெட், சேஸோடு சேருகிற இடம்தான் முதலில் விடும். அங்கே உள்ள ரிவெட் தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி கசிந்து ஒரு வளையம் மாதிரி இருந்தால் ரிவெட் உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு என்றால் அறுத்து எடுத்து போல்ட் போட்டுவிடலாம். ரிவெட் ஓட்டையிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு கிளம்பிச் சட்டத்தின் கீழ் விளிம்பை நோக்கிப் போனால் அது விரிசல். அங்கே பெயின்ட் உரிந்து கோட்டின் இரண்டு பக்கமும் துரு இறங்கியிருக்கும். ஏற்கெனவே யாராவது தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தகடு முடிகிற ஓரத்தில்தான் அடுத்த விரிசல் வரும். பன்னிரண்டு வருடம் சிமென்ட் அடித்த வண்டியில் இது இருக்கக்கூடாது என்று இல்லை.

இன்ஜினையும் நீங்களே ஒருமுறை பாருங்கள். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகித் திறந்து அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். மெல்லிய ஆவி வந்தால் கவலையில்லை. மூடி குதித்து, புகை திக்குத் திக்கென்று தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. இன்ஜினை இறக்குவதுதான் வழி. அப்படித் தள்ளாமல் மைலேஜ் மட்டும் குறைந்திருந்தால் அவசரப்படாதீர்கள். முதலில் பம்ப், நாசில், டர்போவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், சக்கர அலைன்மென்ட் போயிருந்தாலும் மைலேஜ் அரை கிலோமீட்டருக்கு மேல் விழும். ஆயில் குறைவதற்கும் டர்போ சீல் காரணமாக இருக்கலாம். டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் ஆயில் வழவழவென்று ஒட்டும். 1.8 லட்சம் வேலை 50,000-ல் முடிகிற வாய்ப்பும் இருக்கிறது.

உங்கள் 3.7 என்பது எப்படி வந்த எண் என்பதும் எனக்குத் தெரியவேண்டும். டிரைவர் சொன்ன கணக்கு என்றால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்க்கில், டேங்க் கழுத்து வரை நிரப்பி, மூன்று டிரிப் ஓடி, மறுபடி அதே பங்க்கில் கழுத்து வரை நிரப்பி எடுத்த எண்தான் மைலேஜ்.

இனி 2028 என்று ஏன் சொன்னேன் என்பது. வெளிமாநிலம் ஓட்டுவதற்கான நேஷனல் பர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு அச்சு லாரிக்கு 12 வருடம், உங்களுடையது மாதிரி மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம். 2014 வண்டிக்கு 2029-ல் அது முடிகிறது. அதன் பிறகு பாலக்காடு பழைய மாதிரி கிடையாது. உள்ளூர் ஓட்டத்துக்குத்தான் வண்டி. வாங்குகிறவருக்கும் இது தெரியும். பர்மிட்டில் ஒரு வருடமாவது மீதி இருக்கும்போது விற்றால் ஓட்டுகிறவர் வாங்குவார், முடிந்த பிறகு விற்றால் உடைக்கிறவர்தான் வாங்குவார். இரண்டு விலைக்கும் நிறைய தூரம். ஆகவே 2028 நடுவில் விற்பனைப் பேச்சைத் தொடங்குங்கள். அதோடு, எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி (தகுதிச் சான்று). பெயின்ட், டிங்கரிங், லைட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று ஒரு வாரம் வண்டி நிற்கும். 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்சி கட்டணத்தையே 2022 ஏப்ரலில் 12,500 ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வயதில் வண்டியை வைத்திருக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

நீங்கள் டெல்லி லைன் ஓட்டுபவராக இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு. 2025 நவம்பர் 1 முதல் வெளிமாநிலப் பதிவு உள்ள பிஎஸ்-3 சரக்கு வண்டி டெல்லிக்குள் நுழைய முடியாது. பிஎஸ்-4 வண்டிக்கும் 2026 அக்டோபர் 31 வரைதான் அனுமதி. உங்கள் வண்டி பிஎஸ்-3. பாலக்காட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நாளைக்கு யாராவது வடக்கே நல்ல வாடகை என்று கூப்பிட்டால் இந்த வண்டியோடு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஜின் வேலை முடிந்த மறுமாதத்திலிருந்து 25,000 தனிக் கணக்கில் போடுங்கள். டீசலில் மிச்சமாகும் 13,000 அதில் பாதி. மீதியில் 5,000 ரிப்பேர் குறைவதிலிருந்து வரும், மிச்சத்தை மாத வரவிலிருந்து ஒதுக்கவேண்டும். மழை மாதங்களில் விட்டுப்போனாலும் முப்பது மாதத்தில் 6 லட்சத்துக்குக் குறையாமல் சேரும். கையில் உள்ள 2 லட்சத்தில் இன்ஜின் வேலை போக மிச்சமொன்றும் இருக்காது, தெரியும். 2028-ல் பழைய வண்டி 4 லட்சத்துக்குப் போனாலும் 10 லட்சம் முன்பணம் ஆயிற்று. அப்போதும் கடன் 30 லட்சமாகத்தானே குறைகிறது, பெரிய வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். இன்று கையில் ஒன்றுமில்லாமல் 32 லட்சம் வாங்குகிறீர்கள். அன்று 30 லட்சத்துக்குத் தவணை 64,000, மாதம் 25,000 ஒதுக்கிப் பழகிய வரவுசெலவு கையில் இருக்கும், 28 டன்னுக்கு எந்த ஆபீஸ் லோடு தரும் என்று விசாரிக்க இரண்டு வருடமும் கிடைத்திருக்கும். அதைவிடவும் நல்ல வழி, அன்று 20, 22 லட்சத்தில் வரும் நான்கு வருட பிஎஸ்-6 வண்டி. 12 லட்சம் கடனுக்கு, பழைய வண்டிக்கான 15 சதவீத வட்டியில்கூட ஐந்து வருடத் தவணை 29,000-க்குள் முடியும். உங்கள் எட்டு டிரிப் அதைத் தாங்கும். நான் உங்களுக்குச் சொல்வது இந்த வழியைத்தான்.

அந்த வண்டியை வாங்கும்போது யூரியாத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். வாயைச் சுற்றி வெள்ளை உப்பாகக் கனமாகக் கட்டியிருந்தால் மட்டமான தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கலாம். சென்சார், இன்ஜெக்டர் செலவு காத்திருக்கலாம். சைலன்சரை மாற்றி, சென்சாரை ஏமாற்றும் பெட்டி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய வண்டியைக் காது வைத்துக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக், இந்த வண்டிக்குத் தனியாகப் பழகவேண்டியிருக்கும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இப்போதே அப்படிப் பழகியவர்கள் இருக்கிறார்கள், தேடிவையுங்கள்.

டிரைவர் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். இனி நல்ல டிரைவர்கள் அதைத்தான் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். மே மாதம் வாளையாறு செக்போஸ்ட் பக்கம் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இன்ஜினை இறக்கும்போதே கேபினுக்கு 30,000 ஒதுக்குங்கள்: இன்ஜின் மேல் கவர் பெட், சீட்டு குஷன், கண்ணாடி ரப்பர், இரண்டு ஃபேன். டிரிப் படியில் ஒரு 300 ரூபாய் கூட்டிக்கொடுங்கள். அந்த 2,400 ரூபாய்க்கு அவர் தங்கினால் லாபம் உங்களுக்குத்தான். வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்த ஆள் போய், புது ஆள் வந்து கிளட்ச் பிளேட்டைத் தின்றால் அதைவிட அதிகம் போகும்.

சேஸில் விரிசல் இருந்து இப்போதே விற்கவேண்டி வந்தால், ஷோரூமின் 6 லட்சத்தை உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புது வண்டிக்கு எவ்வளவு தள்ளுபடி என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கொடுக்கவேண்டிய தள்ளுபடியையே பழைய வண்டி விலையாகக் காட்டுவார்கள். வெளியே இரண்டு புரோக்கரிடமும் விலை கேட்டு வையுங்கள். விரிசலை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். யாருக்கு விற்றாலும், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். ஆர்சியில் பெயர் மாறாத வரை விபத்து நடந்தால் பதிவில் உள்ள உரிமையாளர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம் எழுதி ரசீது வாங்குங்கள், ஃபாஸ்டாகை அன்றே மூடுங்கள், கடைசி 50,000 ரூபாயைப் பெயர் மாறும் வரை யாரிடமும் விட்டுவைக்காமல் முழுத் தொகையும் கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள், அப்புறம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.